விகோவின் மூக்கைத் தூக்கியாச்சு: ஸ்பேசரா, ஸ்பிரிங்கா?

அவசரத்தில் வாசிப்பவர்கள் இந்தப் பந்தியோடு போய்விடலாம். டபுள் கெப்பின் முன்பக்கத்தைப் பின்பக்கத்தோடு மட்டமாக்கும் லெவலிங் கிட் போடலாமா என்றால், போடலாம். ஆனால் பெட்டிக்குள் வரும் சாமானை விட, அதைப் பூட்டுகிற கையும் பூட்டிய பிறகு செய்கிற வீல் அலைன்மென்டும்தான் பெரிய விஷயம், காசைப் பிரிக்கும்போது அதை மனதில் வைத்துப் பிரியுங்கள். என் டொயோட்டா ஹைலக்ஸ் விகோவுக்கு நான் ஸ்பேசர் (உயரம் கூட்ட இடையில் வைக்கும் தடித்த வட்டு அல்லது வளையம்) போடவில்லை, முன் ஸ்பிரிங் இரண்டையும் ஷொக் அப்சோபர்களோடு சேர்த்து மாற்றினேன். சாமானுக்குப் பத்துக்கு எட்டு கொடுப்பேன், பூட்டித் தந்த கராஜுக்கு ஒன்பது, முதலில் அலைன்மென்டுக்குக் கொண்டுபோன இடத்துக்கு இரண்டு, அந்த இரண்டும் குடிக்கத் தந்த பிளேன்டீக்காக.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். கெப் வாகனம் எதுவாக இருந்தாலும் கம்பனியிலிருந்து வரும்போதே முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்துதான் வரும், அது பழுது இல்லை. பின்னால் சீமெந்து மூட்டையோ டைல்ஸ் பெட்டியோ ஏற்றினால் லீஃப் ஸ்பிரிங் (பட்டை இரும்பு அடுக்கு) அமுங்கும், அப்போது வாகனம் மட்டத்துக்கு வரவேண்டும், அதற்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள். வெறும் கெப்பை நிறுத்திவைத்துப் பக்கத்திலிருந்து பார்த்தால் குனிந்து நிற்பதுபோல் இருப்பது இதனால்தான். ஆகவே ஆமர் வீதிப் பக்கம் ஹார்ட்வெயார் வியாபாரம் செய்து தினமும் பின்பெட்டி நிறையப் பாரம் ஏற்றுகிறவருக்கு லெவலிங் கிட் எதற்கு? முன்பக்கத்தைத் தூக்கிவிட்டால் பாரம் ஏறியவுடன் மூக்கு மேலே போய்விடும், ஹெட்லைட் எதிரே வருகிறவனின் கண்ணில் அடிக்கும், முன் சில்லில் பாரம் குறைந்து ஸ்டியரிங்கும் லேசாகிவிடும். அப்படிப்பட்டவர்கள் அந்தக் காசைப் பின் ஸ்பிரிங்கில் போடட்டும்.

என் கதை வேறு. என்னிடம் இருப்பது பழைய விகோ. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றுபோய், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது, திறந்த பிறகும் விலையைக் கேட்டால் தலை சுற்றும், அதனால் கையில் இருப்பதை வடிவாக வைத்துக்கொள்வோம் என்று இருக்கிற ஆட்களில் நானும் ஒருவன். முன் சொந்தக்காரர் முன்னால் ஒரு கனத்த இரும்பு புல்பார் (பம்பரைக் காக்கும் தடுப்பு) பூட்டிவைத்திருந்தார். பின்பெட்டி பெரும்பாலும் வெறும்பெட்டி. வெள்ளவத்தைக்குள் ஓடுவது, வார இறுதியில் எங்காவது போவது, ஊர்த் திருவிழா வந்தால் ஏ9 வீதியால் யாழ்ப்பாணம். பிரேக் அடித்தால் மூக்கு நிலத்தை முத்தமிடப் போகும், வேகத்தடையில் கொஞ்சம் கெதியாக ஏறினால் கீழே "டக்" என்று ஒரு சத்தம். இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை, முன் ஸ்பிரிங் களைத்துவிட்டது என்பது அந்தச் சத்தத்திலேயே தெரியும்.

கடைக்குப் போகமுன் அளந்து பார்த்துவிடுங்கள். நிறையப் பேர் நிலத்திலிருந்து மட்கார்ட் வரை அளக்கிறார்கள், அது சரிவராது, டயர் தேய்மானமும் காற்றும் அந்தக் கணக்குக்குள் வந்துவிடும். சில்லின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்ட் விளிம்பு வரை அளக்கவேண்டும், நாலு மூலையும். மட்டமான நிலம் வேண்டும், எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத் தரிப்பிடம் அதற்கு நல்லது, வீதியோரம் சரிவராது, எங்கள் வீதிகள் எல்லாம் கானை நோக்கிச் சரிந்தவை. அளக்கமுன் வாகனத்தைக் கொஞ்சத் தூரம் முன்னும் பின்னும் உருட்டுங்கள், ஜக்கில் ஏற்றி இறக்கிய கையோடு அளந்தால் சில்லு உள்ளே இழுபட்டு நிற்கும், அளவு கூடுதலாகக் காட்டும். டீசல் டேங்க் எவ்வளவு நிறைந்திருந்தது என்பதையும் எழுதிவையுங்கள், பிறகு ஒப்பிட அதே அளவில் வைத்துத்தான் அளக்கவேண்டும். என்னுடையதில் சாரதிப் பக்கம் மற்றப் பக்கத்தை விட ஒரு சென்ரிமீற்றர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. இவ்வளவு வருடமும் பெரும்பாலும் சாரதி மட்டும் தனியாக ஓடிய வாகனத்தில் அது அதிசயம் இல்லை. இந்த ஒரு அளவுதான் பிறகு சரியான சாமானைத் தெரிவுசெய்ய உதவியது.

அளவுகளை எழுதிய கடதாசித் துண்டோடு போனது பஞ்சிகாவத்தைக்கு. அங்கே போகாமல் கொழும்பில் வாகனச் சாமான் கதை முடியாது. நான் போன கடை பெரிய கண்ணாடிக் கடை இல்லை, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்க முடியாத இடம், மேலே கூரை வரை பெட்டி. கடைக்கார நானா துண்டை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வியே எனக்குப் பிடித்தது: "புல்பார் இருக்கா தம்பி? வின்ச் இருக்கா?" வின்ச் என்றால் புதைந்த வாகனத்தை வடம் கட்டி இழுக்கும் பொறி, அதன் பாரமும் முன்பக்கத்தில்தான் ஏறும். மற்றக் கடைகளில் கேட்டது "எத்தனை இன்ச் வேணும்?" என்றுதான். எத்தனை இன்ச் என்பது கடைசியில் வரவேண்டிய கேள்வி.

மேசைமேல் இரண்டு வகை ஸ்பேசர் எடுத்துவைத்தார். ஒன்று அலுமினிய வட்டு, மேலே மூன்று போல்ட் நீட்டிக்கொண்டிருக்கும், ஸ்பிரிங்கும் ஷொக்கும் சேர்ந்த முழுத் தொகுதியின் தலையில், சேசிக்கும் (வாகனத்தின் இரும்புச் சட்டம்) அதற்கும் நடுவில் உட்காரும். மற்றது கனத்த பொலியூரித்தேன் வளையம், ஸ்பிரிங்கின் தலைக்கும் மேல் தட்டுக்கும் நடுவில் போகும். இரண்டும் பார்க்க ஒரே வேலை செய்வதுபோல் இருந்தாலும் ஒரே வேலை இல்லை, இதை விளங்கிக்கொள்ளாமல்தான் பாதிப் பேர் காசைக் கொட்டுகிறார்கள்.

தலையில் பூட்டும் வட்டு ஸ்பிரிங்கை ஒன்றும் செய்யாது. ஓட்டம் முன்பு எப்படி மெத்தென்று இருந்ததோ அப்படியே இருக்கும், அதனால் பூட்டிய அன்று எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் முழுத் தொகுதியும் கீழே தள்ளப்படுகிறது. ஷொக்கின் கீழ்முனை லோவர் ஆர்மின் (சில்லைச் சேசியோடு இணைக்கும் கீழ்க் கையின்) நடுப்பகுதியில் பிடிபட்டிருப்பதால் மேலே வைப்பது சில்லில் ஏறக்குறைய இரட்டிப்பாகத் தெரியும், அதாவது ஓர் அங்குல வட்டு வைத்தால் வாகனம் இரண்டு அங்குலத்துக்குக் கிட்ட உயரும். "ஒரு இன்ச்தானே" என்று வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். பள்ளத்தில் சில்லு முழுவதாகத் தொங்கும்போது முன்பை விடக் கீழே போகும், போல் ஜொயின்டும் (ஆர்மையும் சில்லையும் இணைக்கும் உருண்டை மூட்டு) சி.வி. ஜொயின்டும் (சில்லைச் சுழற்றும் அச்சின் மூட்டு) தங்கள் கோணத்தின் எல்லைக்கே இழுபடும், சில வாகனங்களில் அப்பர் ஆர்ம் ஸ்பிரிங்கிலேயே முட்டும். மேட்டில் அடிபடும்போது இன்னொரு தொல்லை: சில்லு மேலே போவதைத் தடுக்கும் பம்ப் ஸ்டொப் ரப்பர் வேலை செய்யமுன்பே ஷொக் உள்ளே முட்டிவிடலாம். இருபது மில்லிமீற்றர் வட்டென்றால் இதெல்லாம் பெரிதாகப் பாதிக்காது. அதைவிடத் தடிப்பானதை யாராவது மலிவாகத் தந்தால் வேண்டாம் என்று எழும்பி வந்துவிடுங்கள்.

பொலியூரித்தேன் வளையம் வேறு மாதிரி. ஷொக்கின் நீளம் மாறாது, அதனால் போல் ஜொயின்டுக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. ஆனால் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கிப் பூட்டுவதால் சில்லு கீழே இறங்குவதற்கு மிச்சமிருக்கும் தூரம் குறைந்துவிடும், வேகத்தடையிலிருந்து இறங்கும்போது ஷொக் முழு நீளத்துக்கு நீண்டு "டங்" என்று அடிக்கும். களைத்துப்போன ஸ்பிரிங்குக்கு மேல் இதை வைப்பதில் என்ன பிரயோசனம் என்று எனக்கு விளங்கவில்லை, களைத்த ஸ்பிரிங் அடுத்த வருடம் இன்னும் இறங்கும், பிறகு இன்னொரு வளையமா வைப்பது? இதன் இன்னொரு நல்ல பக்கம் துருப்பிடிக்காது என்பது. மரைன் டிரைவ் பக்கம் வாகனம் நிறுத்துகிறவர்களுக்குத் தெரியும் கடற்காற்று இரும்பை என்ன செய்யும் என்று. அலுமினிய வட்டும் இரும்பும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் வெள்ளையாகப் பூத்து அரித்துவிடும், பூட்டும்போது நடுவில் கிரீஸாவது பூசச் சொல்லுங்கள்.

இடையில் ஒரு வார்த்தை, பழைய ஹைலக்ஸ் டைகர், பழைய எல்200 ஸ்ட்ராடா, முதல் தலைமுறை டி-மக்ஸ் 4 வீல் வாகனம் வைத்திருப்பவர்களுக்கு. உங்கள் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங்கே இல்லை, முறுகி வேலை செய்யும் இரும்புக் கம்பியான டோர்ஷன் பார்தான். லெவலிங் கிட் என்று யாராவது பெட்டி விற்க வந்தால் சிரித்துவிட்டு வாருங்கள், அந்த பாரின் முனையில் இருக்கும் போல்ட்டைத் திருப்பினாலே உயரும். கொஞ்சமாகத் திருப்புங்கள், சி.வி. ஜொயின்டின் எல்லை உங்களுக்கும் அதே எல்லைதான்.

நானா மூன்றாவதாகக் காட்டியதுதான் நான் எடுத்தது: புல்பார் பாரத்துக்கென்றே செய்த ஸ்பிரிங் சோடி, அதற்குப் பொருத்தமான ஷொக் சோடி. இந்த வேலைக்குப் பெயர்போன கம்பனிகள் பெரும்பாலும் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்தவை, ஓல்ட் மேன் எமு, அயன்மேன், டொபின்சன்ஸ், டஃப் டோக் என்று. தாய்லாந்தில் ப்ரொஃபெண்டர். அங்கே ஹைலக்ஸ் தெருத்தெருவாக ஓடுவதால் நமக்கும் அதிர்ஷ்டம், பாரத்தைப் பொறுத்துத் தனித்தனி ஸ்பிரிங் இருக்கிறது: புல்பார் இல்லாததற்கு ஒன்று, புல்பாருக்கு ஒன்று, புல்பாரோடு வின்ச்சும் இருந்தால் இன்னொன்று. அமெரிக்கக்காரர்கள் போடும் வீடியோக்களைப் பார்த்து ரஃப் கன்ட்ரி, ரெடிலிஃப்ட் என்று தேடாதீர்கள், அவர்கள் பேசுவது பெரும்பாலும் எஃப்-150, சில்வராடோ, டகோமா பற்றி. டகோமாவும் டொயோட்டாதான், பார்க்கவும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் ஹைலக்ஸ் இல்லை, அதன் கிட் இதற்கு என்று நம்பிக் காசு கட்டவேண்டாம். அவர்களுடைய பெரிய கெப்களில் முன்னும் பின்னும் உயர வித்தியாசமும் அதிகம், இரண்டு, இரண்டரை அங்குலம் தூக்குவது அங்கே சாதாரணம். நமக்கு நாற்பது மில்லிமீற்றரே தாராளம்.

நான் எடுத்த கம்பனியின் பெயரைப் போடவில்லை. இந்த விலைமட்டத்தில் இருக்கும் நாலைந்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, சரியான பாரத்துக்குரிய ஸ்பிரிங்கை எடுத்தீர்களா என்பதுதான் கதை. புல்பார் இல்லாத கெப்பில் புல்பார் ஸ்பிரிங்கைப் போட்டால் மூக்கு தேவைக்கு மேல் உயரும், ஓட்டமும் கல்லாகிவிடும். பெட்டியைத் திறந்ததும் ஸ்பிரிங்கில் அடித்திருக்கும் இலக்கத்தைப் பெட்டி இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். சில சோடிகளில் சாரதிப் பக்கத்து ஸ்பிரிங் கொஞ்சம் நீளமாக இருக்கும், அதற்கென்று துண்டு ஒட்டியிருப்பார்கள், மாறிப் பூட்டினால் வாகனம் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். என் சோடியில் இரண்டும் ஒரே நீளம், அதனால் சாரதிப் பக்கத்துக்கு மட்டும் ஒரு மெல்லிய பக்கர் வளையம் (உயரக் குறைவை ஈடுகட்டும் வளையம்) வேண்டும் என்று அளவுத் துண்டைப் பார்த்து நானாவே எடுத்துத் தந்தார், அதற்குக் காசும் வாங்கவில்லை. பாவித்த ஸ்பிரிங் சோடி ஒன்றும் அங்கே மலிவாகக் கிடந்தது. என்ஜின் பாகமோ கதவோ பாவித்ததை வாங்கலாம், ஸ்பிரிங்கை வாங்காதீர்கள், அதன் சீவன் எவ்வளவு மிச்சம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

இனி பூட்டிய இடம். பேலியகொடைப் பக்கம், களனிப் பாலம் தாண்டி உள்ளே போகும் ஒரு சின்ன கராஜ், பெயர்ப்பலகைகூட இல்லை. மெக்கானிக் பாஸ் ஹட்டன் பக்கத்துப் பெடியன், என்னை விட வயதில் சின்னவன், பேச்சுக் குறைவு, கை சுத்தம். வேலை தொடங்க முதல்நாளே வாகனத்தைக் கொண்டுவந்து விடச் சொன்னான். எதற்கென்று பார்த்தால் லோவர் ஆர்மின் கேம் போல்ட் நாலுக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுவதற்கு. "அண்ணே, கொழும்பு வாகனத்தில இது இறுகித்தான் இருக்கும். இது கழராட்டி பிறகு அலைன்மென்ட் செய்ய ஏலாது" என்றான். இந்த ஒரு வசனத்துக்கே நான் ஒன்பது கொடுக்கிறேன்.

அந்த கேம் போல்ட் என்ன என்று தெரியாதவர்களுக்கு: லோவர் ஆர்ம் சேசியில் பிடிபடும் இடத்தில் தலையில் வட்டத் தட்டு வைத்த போல்ட் இருக்கும், தட்டின் ஓட்டை நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கும், அதைத் திருப்பினால் ஆர்ம் கொஞ்சம் உள்ளே வெளியே நகரும். கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சில்லு சாய்ந்து நிற்கும் கோணம்), காஸ்டர் (சில்லு திரும்பும் அச்சு பக்கத்திலிருந்து பார்த்தால் சாய்ந்திருக்கும் கோணம்) இரண்டையும் சரிசெய்வது இதை வைத்துத்தான். பல வருடம் திருப்பாமல் விட்டால் புஷ்ஷின் (ஆர்மின் முனையில் இருக்கும் ரப்பர் உறையின்) உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு துருவால் ஒட்டிக்கொண்டு அசையாது. என்னுடையதில் மூன்று எண்ணெய்க்கும் சுத்தியலுக்கும் மசிந்தன, ஒன்று மசியவில்லை. காஸ் டோர்ச்சால் சூடாக்கினால் புஷ் ரப்பர் எரிந்துவிடும் என்று பாஸ் அதைத் தொடவில்லை, சிறு வாளை உள்ளே விட்டு போல்ட்டின் இரண்டு பக்கமும் அறுத்தான், பெரிய வேலை அது, குனிந்து கிடந்து வியர்வை கண்ணுக்குள் இறங்க இறங்க. புதுப் போல்ட்டுக்கும் புது புஷ்ஷுக்கும் என்னையே திரும்பப் பஞ்சிகாவத்தைக்கு ஓடவிட்டான். நீங்கள் கிட் வாங்கும்போதே இந்தப் போல்ட் ஒன்றிரண்டு மாற்றவேண்டி வரும் என்று கணக்கில் சேர்த்துவையுங்கள்.

ஸ்பிரிங் அமுக்கும் வேலையை வீட்டு வாசலில் செய்யவே செய்யாதீர்கள். அமுக்கிவைத்த ஸ்பிரிங் வழுக்கினால் ஆளே இல்லை. இவனிடம் சுவரில் பிடித்த ஸ்பிரிங் கம்பிரசர் இருந்தது, அதைக் கண்ட பிறகுதான் வேலை கொடுத்தேன். கையால் முறுக்கும் இரண்டு கொக்கிகளை மட்டும் வைத்து இந்தத் தடிப்பு ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டும் இடங்களும் இருக்கின்றன, அங்கே கொடுக்காதீர்கள். தொகுதியை மேலே ஏற்றி மூன்று நட்டும் பிடித்த பிறகு, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதாகத் திருப்பிச் சில்லைத் தொங்கவிட்டுப் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, ஏபிஎஸ் வயர் இறுகுகிறதா என்று பார்த்தான், மற்றப் பக்கமும் அப்படியே.

ஆனால் நான் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்ததில் மனதில் நின்றது கடைசி வேலை. லோவர் ஆர்ம் போல்ட்டுகளை வாகனம் ஜக்கில் இருக்கும்போது அவன் இறுக்கவில்லை, கையால் சும்மா பிடித்துவிட்டுச் சில்லைப் பூட்டி, வாகனத்தை நிலத்தில் இறக்கி, பம்பரில் ஏறி நின்று நாலைந்து தரம் குதித்துவிட்டு, பிறகு கீழே புகுந்து டோர்க் ரென்ச்சால் (எவ்வளவு இறுக்கம் என்று அளந்து காட்டும் சாவி) இறுக்கினான். சில்லு தொங்கும்போது இறுக்கினால், வாகனம் இறங்கியதும் புஷ்ஷின் ரப்பர் ஈரத்துணியைப் பிழிந்ததுபோல் முறுகியபடியே நிற்கும், கொஞ்ச மாதத்தில் கிழிந்துவிடும், உயரமும் பிழையாகக் காட்டும். "புது புஷ் போட்டும் ஆறு மாசம் வரல்ல" என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். உங்கள் பாஸிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்: ஆர்ம் போல்ட்டை எப்போது இறுக்குவீர்கள்? அவர் "இறக்கிய பிறகு" என்றால் சாவியைக் கொடுங்கள்.

அடுத்தது அலைன்மென்ட், கோபம் வந்த இடம். முன்பக்கம் உயர்ந்தால் கேம்பர், காஸ்டர், டோ (மேலிருந்து பார்த்தால் முன் சில்லுகள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மூன்றும் மாறும். டோ பிழைத்தால் டயர் கெதியாக அரம்பம் மாதிரித் தேயும், கேம்பர் பிழைத்தால் ஓர் ஓரம் மட்டும் தேயும், காஸ்டர் குறைந்தால் வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வராது, நெடுஞ்சாலையில் வாகனம் அலையும். நான் போன முதல் இடம் குளிரூட்டி, பெரிய திரை, சோபா, எல்லாம் உள்ள இடம். வாகனத்தை ஏற்றினார்கள், ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கும் டை ரொட்டைத் திருப்பி டோவை மட்டும் சரிசெய்தார்கள், பச்சை நிறத்தில் டிக் போட்டுத் தாளைத் தந்தார்கள். தாளை வாசித்தால் கேம்பரும் காஸ்டரும் இரண்டு பக்கமும் சிவப்பிலேயே கிடந்தன. கேட்டதற்கு "இந்த வாகனத்துக்கு அது எஜஸ்ட் பண்ண ஏலாது சேர்" என்று பதில். கேம் போல்ட் நாலையும் ஒரு நாள் முழுக்கப் போராடிக் கழற்றிப் பூட்டிய வாகனம் அது! காசு முழுதாக வாங்கினார்கள். பாஸிடம் சொன்னதற்குச் சிரித்துவிட்டு வத்தளையில் தனக்குத் தெரிந்த இடத்துக்கு அனுப்பினான். அங்கே தகரக் கொட்டகை, பழைய மெஷின், ஆனால் முதலில் காஸ்டர், பிறகு கேம்பர், கடைசியில் டோ என்று ஒழுங்காகப் போனார்கள். அந்த வரிசை முக்கியம், முதல் இரண்டையும் தொட்டால் டோ எப்படியும் மாறும். தாளை வாங்காமல் எங்கிருந்தும் வெளிக்கிடாதீர்கள், முன் அளவு, பின் அளவு இரண்டும் அதில் இருக்கவேண்டும். கொஞ்ச நாள் ஓடி ஸ்பிரிங் படிந்த பிறகு இன்னொரு தரம் பார்ப்பது நல்லது.

இப்போது ஓட்டம் எப்படி? பிரேக்கில் மூக்கு குத்துவது நன்றாகக் குறைந்துவிட்டது, கீழே அந்த "டக்" சத்தம் இல்லை, ஏ9 நேர்வீதியில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே போகலாம், லொறி கடந்துபோகும் காற்றுக்கும் அசையவில்லை. இரண்டு மதிப்பெண் ஏன் குறைத்தேன் என்றால், மெதுவாகப் போகும்போது சின்னச் சின்னக் கிடங்குகள் முன்பை விடக் கூடுதலாகக் கைக்குத் தெரிகின்றன. காலி வீதியில் நெரிசலில் ஊரும்போது ஒவ்வொரு மான்ஹோல் மூடியும் எண்ணக்கூடியதாக இருக்கிறது. பின்னால் இருக்கும் ஆட்களுக்கு வித்தியாசம் இல்லை, பின் லீஃப் ஸ்பிரிங் எப்போதும் போலத் தூக்கிப்போடும். அம்மா முன் ஆசனத்தில் ஏறுவதற்குப் பக்கத்துப் படி இருந்தும் கைப்பிடியை இன்னும் கொஞ்சம் இறுகப் பிடிக்கவேண்டி இருக்கிறது, "இனி ஏணி வைச்சுத்தான் ஏறோணும்" என்று ஒவ்வொரு தரமும் ஒரு சொல். கூரையில் கரியர் பூட்டியிருந்தால் கடைத்தொகுதிகளின் கீழ்த்தளத் தரிப்பிட உயரப் பலகையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெட்லைட்டைக் கட்டாயம் இறக்கவேண்டும், இதைச் செய்யாமல் ஓடுகிறவர்களைத் தினமும் இரவில் எதிரே சந்திக்கிறேன். மூக்கு உயர்ந்தால் வெளிச்சமும் உயரும், அவ்வளவுதான் விஷயம். ஒரு சுவருக்கு முன்னால் நிறுத்தி, பூட்டமுன் வெளிச்சத்தின் மேல்விளிம்பு எங்கே விழுந்தது என்று டேப் ஒட்டிவைத்து, பூட்டிய பிறகு அதே தூரத்தில் நிறுத்தி அந்தக் கோட்டுக்கு இறக்கினால் போதும், லைட்டுக்குப் பின்னால் இருக்கும் திருகைத் திருப்பும் வேலைதான், பத்து நிமிடம்.

பொலிஸ் பிடிக்குமா என்று கேட்பார்கள். 2025 ஜனவரியில் பஸ், முச்சக்கரவண்டிகளில் மேலதிகமாகப் பூட்டியவற்றைக் கழற்றச் சொல்லிப் பொலிஸார் இறங்கியபோது கெப் வைத்திருந்தவர்களும் கொஞ்சம் பயந்துதான் இருந்தோம். களைத்த ஸ்பிரிங்கை மாற்றிப் பழைய உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் வாகனத்தை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. ஆறு அங்குலம் தூக்கிப் பெரிய டயர் போடுவது முற்றிலும் வேறு விளையாட்டு, அதற்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்காமல் இறங்காதீர்கள். காப்புறுதிக் கம்பனிக்கு நான் எழுத்தில் அறிவித்துவிட்டேன், புல்பாரையும் சேர்த்து.

விலையை எண்ணில் போடவில்லை, டொலரோடு சேர்ந்து ஆடுகிற விலை, நாளைக்கு நீங்கள் போகும்போது அது பொய்யாகிவிடும். ஒரு கணக்குக்குச் சொன்னால், ஸ்பேசர் சோடி ஒரு நல்ல டயரின் விலைக்குள் அடங்கிவிடும், ஸ்பிரிங் சோடி அதைப்போல சில மடங்கு, ஷொக்கும் சேர்ந்தால் மனைவியிடம் சொல்ல யோசிக்கவேண்டிய தொகை. புல்பார் இல்லை, ஸ்பிரிங் இன்னும் உயிரோடு இருக்கிறது, பெட்டி வெறும்பெட்டி என்றால் இருபது மில்லிமீற்றர் வட்டோடு நின்றுகொள்ளுங்கள், மிச்சக் காசை நல்ல அலைன்மென்டுக்குக் கொடுங்கள். ஷொக்கில் எண்ணெய் கசிந்த தடம் இருந்தால் மட்டும் எப்படியும் அதை மாற்றவேண்டும், ஒருமுறை கழற்றிப் பூட்டும் கூலியிலேயே எல்லாம் முடிந்துவிடும்.

பஞ்சிகாவத்தைக்குப் போகிறவர்கள் காலையிலேயே போங்கள், பத்து மணிக்குப் பிறகு நிறுத்த இடம் கிடைக்காது, வெள்ளிக்கிழமை மதியம் நானாக்களின் கடைகள் ஜும்மாவுக்கு மூடியிருக்கும். வாகனப் புத்தகத்தின் பிரதியும் சேசி இலக்கமும் கையில் இருக்கட்டும், விகோ என்று மட்டும் சொன்னால் 2 வீல் டிரைவ் விகோவின் ஸ்பிரிங்கை எடுத்துத் தந்துவிடுவார்கள். முதல் சொன்ன விலைக்கு வாங்காதீர்கள், நானா கோபிக்க மாட்டார்.